கோபியில் இருந்துகொண்டு ஸ்கூபா டேங்க் வாங்கலாமா?

போன ஞாயிற்றுக்கிழமை அக்கா மகன் வீட்டுக்கு வந்திருந்தான். போன வருஷம்தான் பாண்டிச்சேரியில், முதுகில் காற்று டேங்க் கட்டிக்கொண்டு கடலுக்குள் இறங்கும் ஸ்கூபா டைவிங் கோர்ஸ் முடித்தான். உட்கார்ந்ததும் போனை நீட்டினான். யாரோ இரண்டு பழைய அலுமினிய டேங்க் விற்கிறார்களாம், போட்டோ அனுப்பியிருக்கிறார்கள். "எத்தன நாளைக்குத்தானுங்க மாமா வாடகை டேங்க்லயே எறங்கறது? ஆளுக்கொன்னு வாங்கிப் போட்ருலாமுங்க. நம்ம பக்கம் கம்ப்ரசருக்கா பஞ்சம்?"

வேண்டாம் கண்ணு என்றேன். ஏன் என்று அன்று இரண்டு மணி நேரம் பேசினோம். கடல் இல்லாத நம் கோபிசெட்டிபாளையம் பக்கத்துப் பையன்கள் நிறையப் பேர் இப்போது கடலுக்குப் போகிறார்கள், அதனால் இங்கேயும் எழுதி வைக்கிறேன்.

அவன் ஆசை எனக்குப் புரிகிறது. எதுவாக இருந்தாலும் சொந்தமாக இருந்தால்தான் நமக்கு நிம்மதி. ஆனாலும் நாம் எல்லாவற்றையும் வாங்கிவிடுவதில்லை. எங்களுக்குத் தடப்பள்ளி வாய்க்கால் பாசனத்தில் மூன்று ஏக்கர் நெல். அறுவடை மிஷின் வாங்க வேண்டும் என்று அப்பா ஒருநாளும் நினைத்ததில்லை. மணிக்கு இவ்வளவு என்று பேசி வரவழைப்பார், அறுத்து முடித்ததும் வண்டி அடுத்த காட்டுக்குப் போய்விடும். அதன் பெல்ட்டும் பிளேடும் அவர் கவலை இல்லை.

நான் போன வருஷம் மூன்று முறை கடலுக்குப் போனேன். பாண்டிச்சேரி இரண்டு தடவை, கர்நாடகாவில் முருதேஸ்வர் பக்கம் நேத்ராணித் தீவு ஒரு தடவை. எல்லாம் சேர்த்து 11 டைவ். ஒவ்வொரு இடத்திலும் கட்டிய பணத்திலேயே டேங்கும் அடக்கம். ஒரு நாளில் இரண்டு டைவ் என்றால் இரண்டு டேங்க் வேண்டும், அதனால் ஒன்றை வாங்கி வைத்தாலும் இன்னொன்றுக்கு வாடகை கொடுக்கத்தான் வேண்டும். மீதி மாதமெல்லாம் அது மோட்டார் ரூமில் கிடக்கும். அப்படிக் கிடப்பதுதான் அதற்குக் கெடுதல். உள்ளே ஈரம் தங்கினால் அலுமினியம் அரிக்கும், இரும்பு டேங்க் என்றால் துரு பிடிக்கும். துரு பிடிக்கும்போது உள்ளே இருக்கும் ஆக்சிஜனையும் அது உறிஞ்சிக்கொள்ளும். நெடுநாள் கிடந்த டேங்கில் கேஜ் சரியாக அழுத்தம் காட்டும், ஆனால் காற்றில் உயிர் இருக்காது. கடையில் வாரா வாரம் நிரம்பிக் காலியாகும் டேங்கில் இந்தப் பயம் குறைவு.

இதில் இன்னொரு குழப்பம் உண்டு. ஊரில் எல்லோரும் இதை ஆக்சிஜன் சிலிண்டர் என்கிறார்கள். உள்ளே இருப்பது நாம் இப்போது மூச்சு விடும் அதே காற்றுதான். வழக்கமான அலுமினிய டேங்கின் கொள்ளளவு 11 லிட்டர்தான். அதில் 200 பார், அதாவது வெளிக்காற்றைப்போல் சுமார் 200 மடங்கு அழுத்தத்தில் 2,200 லிட்டர் காற்றை அடைத்து வைக்கிறார்கள். அந்தக் காற்று மட்டுமே இரண்டரைக் கிலோவுக்கு மேல் எடை வரும். அதனால்தான் காற்று தீர்ந்து டைவ் முடியும் நேரத்தில் அலுமினிய டேங்க் மேலே தூக்கப் பார்க்கும்.

சரி, கம்ப்ரசர் விஷயத்துக்கு வருகிறேன். கோயமுத்தூர் கம்ப்ரசருக்குப் பேர்போன ஊர், திருச்செங்கோடு போர்வெல் போடும் ரிக் வண்டிக்குப் பேர்போன ஊர். ரெண்டும் உண்மை. ஆனால் பஞ்சர் கடைக் கம்ப்ரசர் தருவது 10 பார் வாக்கில். பாறையைத் துளைக்கும் ரிக் கம்ப்ரசர்கூட 200 பாருக்குப் பக்கத்தில் வராது. அழுத்தத்தைவிடவும் பெரிய விஷயம், அவை மூச்சு விடுவதற்கான காற்றைத் தருவதில்லை. எண்ணெய் ஆவி, ஈரம், இன்ஜின் புகை எல்லாம் சேர்ந்து வரும். டைவிங்குக்கு நிரப்பும் கம்ப்ரசரில் அதையெல்லாம் வடிகட்ட ஃபில்டர் உண்டு. காற்று உறிஞ்சும் குழாயையும் புகை அண்டாத இடத்தில் வைப்பார்கள். கார்பன் மோனாக்சைடு கொஞ்சம் கலந்திருந்தாலும், 20 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மூன்று மடங்கு என்பதால் அதன் விஷமும் மூன்று மடங்காக ஏறும்.

இது எனக்கு அனுபவம். சில வருஷங்களுக்கு முன் ஓரிடத்தில், பெயர் வேண்டாம், படகில் ரெகுலேட்டரை, அதாவது டேங்க் காற்றை மூச்சுக்கு ஏற்றபடி அழுத்தம் குறைத்துத் தரும் கருவியை, வாயில் வைத்து இழுத்துப் பார்த்தேன். டீசல் புகை வாடை. அன்று நான் இறங்கவில்லை, கட்டிய பணமும் திரும்ப வரவில்லை. இதைச் சொன்னதும் அக்கா மகன் பிடித்துக்கொண்டான்: "அதுக்குத்தானுங்க மாமா சொந்த டேங்க் வேணுங்கறேன்." இங்கேதான் நிறையப் பேர் தவறுகிறார்கள். சொந்த டேங்கைத் தூக்கிக்கொண்டு போனாலும் நிரப்பப் போவது அதே கம்ப்ரசரில்தான். டேங்க் நம்முடையது, காற்று அவர்களுடையது. பயம் காற்றைப் பற்றி என்றால் மாற்ற வேண்டியது கடையை.

பழைய டேங்க் என்றால் இன்னும் யோசிக்க வேண்டும். 1980களின் கடைசி வரை செய்த அலுமினிய டேங்குகள் பலவற்றில் 6351 என்ற உலோகக் கலவை இருந்தது. அவற்றில் சிலவற்றுக்குக் கழுத்தில் விரிசல் விட்டது தெரிந்த பிறகு 6061 கலவைக்கு மாறினார்கள். எந்த டேங்க் ஆனாலும் உட்புறத்தைப் பார்க்க வேண்டும், குறித்த காலத்துக்கு ஒருமுறை ஹைட்ரோ டெஸ்ட் எடுக்க வேண்டும். தண்ணீரை நிரப்பி, வேலை அழுத்தத்தைவிட அதிகமாக ஏற்றி, டேங்க் எவ்வளவு விரிந்து சுருங்குகிறது என்று அளப்பார்கள். நம் நாட்டில் இதெல்லாம் 2016ஆம் ஆண்டு எரிவாயு சிலிண்டர் விதிகளுக்குள் வருகிறது, பார்த்துக்கொள்வது பெசோ என்ற மத்திய அரசின் பெட்ரோலியம், வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பு. அங்கீகாரம் இல்லாத வெளிநாட்டு டேங்கை வாங்கிவிட்டு, நிரப்பித் தர ஆள் தேடி அலைய வேண்டிவரும்.

அவன் மனசில் இன்னொரு எண்ணமும் இருந்தது. டேங்க் கையில் இருந்தால் நம் கிணற்றிலேயே பழகலாமே என்று. அதற்குத்தான் நான் கோபமாகப் பேசினேன். சுரைப்புருடை கட்டிக்கொண்டு நீச்சல் பழகிய கிணறு என்பதால் நமக்கு அது பழக்கப்பட்ட இடமாகத் தெரிகிறது. மோட்டார் பைப்பும் ஒயரும் கயிறும் தொங்கும் கிணற்றில் டேங்கோடு இறங்குவது வேறு. அதோடு, நீருக்குள் அழுத்தக் காற்றை இழுத்துவிட்டு மூச்சை அடக்கியபடி மேலே வந்தால் நுரையீரல் கிழியும். அதற்கு இரண்டு ஆள் ஆழம்கூட வேண்டாம்.

காசு போட வேண்டும் என்றால் உடம்போடு ஒட்டும் சாமானுக்குப் போடலாம். முதலில் மாஸ்க். முகத்துக்குப் பொருந்தாத வாடகை மாஸ்க்கில் தண்ணீர் ஏறி ஏறி, பாதி டைவ் அதை வெளியேற்றுவதிலேயே போகும். அடுத்தது டைவ் கம்ப்யூட்டர். நேற்றும் இன்றும் எவ்வளவு ஆழம், எவ்வளவு நேரம் என்று நம் கணக்கை அதுதான் வைத்திருக்கும். ரெகுலேட்டர் அப்புறம். இவையெல்லாம் ஒரு பையில் அடங்கிவிடும். காலி டேங்க் ஒன்றே 14 கிலோ. அதைப் பஸ்ஸில் கொண்டுபோவதும் கஷ்டம், காற்று நிரம்பியிருந்தால் விமானத்தில் ஏற்றவே மாட்டார்கள். கடற்கரையிலேயே வீடு, வாரம் இரண்டு முறை டைவ், பக்கத்திலேயே நம்பிக்கையான கம்ப்ரசர் என்று இருப்பவர் தாராளமாக டேங்க் வாங்கட்டும். அவருடைய கணக்கு வேறு.

வாடகை டேங்கைப் பார்த்து எடுக்கத் தெரிய வேண்டும், அவ்வளவுதான். தோள்பட்டையில் குத்தியிருக்கும் எழுத்தைப் படியுங்கள்: கடைசியாக டெஸ்ட் எடுத்த மாதம், வருஷம், வேலை அழுத்தம். வால்வு வாயில் ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம் வெடித்திருக்கிறதா பாருங்கள். வால்வை முழுதாகத் திறந்து, கேஜைப் பார்த்தபடியே நான்கைந்து மூச்சு இழுங்கள். முள் இறங்கி இறங்கி ஏறினால் வால்வு சரியாகத் திறக்கவில்லை என்று அர்த்தம். காற்றில் ஏதாவது வாடையோ ருசியோ தெரிந்தால் டேங்கைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள், யார் முகம் சுளித்தாலும் பரவாயில்லை.

அந்த இரண்டு டேங்கும் வேண்டாம் என்று நேற்றுப் போன் செய்து சொல்லிவிட்டானாம். அடுத்த மாதம் சேர்ந்து பாண்டிச்சேரி போகிறோம். எங்கள் நான்கு டேங்கையும் அவனையே பார்த்து எடுக்கச் சொல்லியிருக்கிறேன்.