வால்டார்ஃப் பள்ளிப் பிள்ளைகளும் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதலாம்

கணினி இல்லாமல், கலையும் கைவேலையும் வழியாகக் கற்பிக்கும் வால்டார்ஃப் முறைப் பள்ளியில் சேர்த்தால் பிள்ளை பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வே எழுத முடியாது என்று உங்கள் பதிவில் சொல்லியிருக்கிறீர்கள். உங்கள் கவலை புரிகிறது, ஆனால் அது சரியில்லைங்க. பள்ளிக்குத் தேர்வு நடத்தும் கல்வி வாரியத்தின் அங்கீகாரம் இல்லாவிட்டாலும், 14 வயது நிறைந்த எவரும் மத்திய அரசின் தேசிய திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தில், அதாவது என்ஐஓஎஸ்-இல், பதிவு செய்து எழுதலாம். ஆண்டுக்கு 2 முறை பொதுத்தேர்வு உண்டு.

என் மகள் இப்போது மரக்கரண்டி செதுக்குகிறாள், விரலெல்லாம் மரத்தூள். அவளை அப்படியொரு பள்ளியில் சேர்க்கும் முன் நானும் இதே பயத்தில் தேடினேன்.

என்ஐஓஎஸ் இணையதளத்தில் சேர்க்கைக் கையேடு இலவசமாகக் கிடைக்கிறது. அதில் செகண்டரி, அதாவது பத்தாம் வகுப்புப் படிப்புக்கான தகுதிப் பகுதியைப் பாருங்கள். பள்ளியிடமும் "பத்தாம் வகுப்பை எந்த வாரியத்தில் எழுதுகிறார்கள்?" என்று நேரில் கேளுங்கள்.