நஞ்சு குத்திய மூட்டு, தேய்ந்த மூட்டு ஆகாது

எலிகளுக்குச் சித்த மருத்துவக் கஷாயம் கொடுத்துப் பார்த்த ஒரு கல்லூரி ஆய்வைப் பற்றிய "28 நாளில் மூட்டுத் தேய்மானம் குணம்" செய்தியை இன்னும் பகிர்ந்துகொண்டே இருக்கிறீர்கள். அதன் கீழே மூன்றே கேள்வி கேட்டேன். எந்த மாடல் (அதாவது எலிக்கு மூட்டு நோயை வரவழைத்த முறை), அதற்குப் போட்டது எத்தனை மில்லிகிராம், மருந்தை எந்த நாளில் ஆரம்பித்தார்கள்? "பொறாமை" என்று ஒருவர், "மருந்துக் கம்பெனி கைக்கூலி" என்று இன்னொருவர். கூலி எந்தக் கவுண்ட்டரில் தருகிறார்கள் என்றும் சொல்லியிருக்கலாம். கேள்விக்கு மட்டும் பதில் வரவில்லை.

சரி, நானே சொல்கிறேன். அது எம்ஐஏ மாடல். மோனோசோடியம் அயோடோஅசிடேட்டை எலியின் முழங்காலுக்குள் ஊசியில் செலுத்துவது. குருத்தெலும்புக்கு ரத்தக்குழாய் கிடையாது. ஆக்சிஜன் குறைந்த அந்த இடத்தில் செல்கள் கிளைகாலிசிஸை, அதாவது ஆக்சிஜன் இல்லாமலே சர்க்கரையை உடைத்துச் சக்தி எடுக்கும் பாதையை, நம்பித்தான் பிழைக்கின்றன. அயோடோஅசிடேட் அந்தப் பாதையில் உள்ள ஜிஏபிடிஹெச் நொதியை முடக்கிவிடும். செல் சாகும். மூட்டை மெல்லிசாக வெட்டி நுண்ணோக்கி ஸ்லைடில் பார்த்தால் செல் இருந்த குழிகள் வெறுமனே கிடக்கும். மனித முழங்காலில் நடப்பது இதுவா? அங்கே வயதும் எடையும் பழைய காயமும் சேர்ந்து, வருடக்கணக்கில் மேற்பரப்பு நார்நாராகப் பிரிகிறது, அடியெலும்பு தடிக்கிறது, ஓரத்தில் எலும்பு முள் வளர்கிறது. களைக்கொல்லி அடித்த வயலைக் காட்டி, வறட்சியில் பயிர் எப்படிக் காயும் என்று பாடம் எடுப்பது மாதிரி இருக்கிறது இது.

"வெளிநாட்டிலும் எம்ஐஏதானே போடுகிறார்கள்?" போடுகிறார்கள். பெரும்பாலும் வலியை ஆராய. வலிக்கு அது நல்ல மாடல்தான், மறுக்கவில்லை. முதல் வாரம் அழற்சி வலி, அது சற்றுத் தணிந்தபின் இரண்டாவது வாரத்திலிருந்து நீடிக்கும் வலி என்று இரண்டு கட்டமாக வரும். டோஸைக் கூட்டினால் நரம்பணுக்களிலேயே ஏடிஎஃப்-3 என்ற காயக்குறி தெரியும், அதாவது மூட்டுவலியோடு நரம்பு வலியும் கலந்துவிடும். அதனால்தான் மில்லிகிராம் கேட்டேன். எலிக்கு 1 மி.கி. போட்டதும் 3 மி.கி. போட்டதும் ஒரே சோதனை இல்லை. "எம்ஐஏ செலுத்தப்பட்டது" என்று ஒரு வரியில் முடித்திருந்தால் அதை நான் எப்படிப் படிப்பது?

மருந்து தொடங்கிய நாள் இன்னும் முக்கியம். எம்ஐஏ போட்ட அன்றே கஷாயத்தையும் வாயில் ஊற்ற ஆரம்பித்து, 7ஆம் நாள் வீக்கம் குறைந்ததைக் காட்டினால், முதல் வார அழற்சி தணிந்தது என்று மட்டும்தான் பொருள். அதைச் சாதாரண வலி மாத்திரையான டைக்ளோஃபினாக்கும் செய்யும். தேய்மானத்தைக் குணப்படுத்தியது என்று சொல்ல வேண்டுமானால், சேதம் வந்துவிட்டதை ஸ்லைடில் காட்டிவிட்டு அப்புறம் மருந்தைத் தொடங்க வேண்டும்.

"ஊசிதானே, இதில் என்ன பெரிய நுட்பம்" என்கிறவர்களுக்காகக் கொஞ்சம். ஐசோஃப்ளூரேன் மயக்கம். ரோமம் மழித்து, முழங்காலை 90 பாகைக்கு மடக்கி, முழங்கால் சில்லுக்குக் கீழுள்ள பட்டைத் தசைநாரின் நடுவே 27 அல்லது 29 கேஜ் மெல்லிய ஊசி. எலிக்கு 50 மைக்ரோலிட்டர், சுண்டெலிக்கு 10க்கு மேல் போகக் கூடாது. தடையில்லாமல் இறங்க வேண்டும். தடுத்தால் ஊசி நுனி கொழுப்புத் திண்டில் இருக்கிறது, மூட்டில் இல்லை. வெளியே கசிந்தால் சுற்றியுள்ள தசையும் சாகும், அந்த எலி நொண்டுவதற்குக் குருத்தெலும்பு காரணமே இல்லை. கரைசலை அன்றன்றைக்குத் தயாரித்து வெளிச்சம் படாமல் வைக்க வேண்டும். மஞ்சளடித்தால் அயோடின் பிரிகிறது, கொட்டிவிடுங்கள். மறுகாலில் சலைன் போட்டு அதையே கன்ட்ரோல், அதாவது ஒப்பிட்டுப் பார்க்கும் நோயில்லாத கால், என்கிறார்கள். எலி வலிக்கும் காலிலிருந்து எடையை அந்தக் காலுக்குத்தானே மாற்றுகிறது? சலைன் மட்டும் பெற்ற தனிக் குழு வேண்டும்.

ஸ்லைடிலும் இதே கதைதான். எலும்பை வெட்டுவதற்காக அவசரத்துக்கு வலுவான அமிலத்தில் சுண்ணாம்பு நீக்கினால் குருத்தெலும்பில் உள்ள புரோட்டியோகிளைகன் என்ற பொருள் கழுவிப்போய், அதைக் காட்டும் சாஃப்ரானின்-ஓ சாயத்தின் சிவப்பு தானாகவே வெளுக்கும். நோயால் வெளுத்ததா அமிலத்தால் வெளுத்ததா? மெதுவாகச் சுண்ணாம்பு நீக்கும் இடிடிஏ கரைசலில் வாரக்கணக்கில் பொறுமையாகப் போட வேண்டும். அதிலும் ஒரே ஒரு வெட்டைப் பார்த்து மதிப்பெண் போடுவது கணக்கில் சேராது. முழு மூட்டிலும் இடைவெளி விட்டு வெட்டி, எந்தக் குழு என்று தெரியாதவர் பார்க்க வேண்டும்.

"கத்தியே வைக்கவில்லை, அதனால் இயற்கைக்கு நெருக்கம்" என்று ஒரு பின்னூட்டம். முழங்காலின் மெத்தை போன்ற மெனிஸ்கஸைப் பிடித்திருக்கும் தசைநாரை அறுக்கும் டிஎம்எம் மாடலில் கத்தி உண்டு. ஆனால் சேதம் மெதுவாக, சுமை ஏறும் இடத்தில் வருகிறது. எம்ஐஏவைவிட அதுவே மனித நோய்க்கு நெருக்கம். கத்தியும் வேண்டாம் நஞ்சும் வேண்டாம் என்றால் வழி இருக்கிறது. மயக்கத்தில் இருக்கும் சுண்டெலியின் முழங்காலையும் கணுக்காலையும் இரண்டு கிண்ணங்களுக்கு இடையே வைத்து இயந்திரத்தால் அழுத்துவது. 2011இல் வெளியான முறையில் 9 நியூட்டன் விசை, ஒரு அமர்வுக்கு 40 முறை, வாரம் மூன்று அமர்வு, இரண்டு வாரம். 2012இல் வந்த இன்னொன்றில் சுமார் 12 நியூட்டனில் ஒரே அழுத்தில் முன்சிலுவைத் தசைநார் அறும், தோலில் கீறலே இருக்காது. வேகம் முக்கியம். நொடிக்கு 1 மி.மீ. என்றால் தசைநார் எலும்புத் துணுக்கோடு பிய்ந்து வரும், 500 மி.மீ. என்றால் நடுவிலேயே அறும். விசை வரைபடம் சட்டென்று சரிவதுதான் அறுந்ததற்கு அடையாளம். அதைப் பதிவு செய்யவில்லையென்றால் எந்த எலிக்கு அறுந்தது என்றே தெரியாது.

"எங்கள் காலேஜில் அந்த மெஷின் இல்லை." இது நியாயமான பேச்சு, ஒத்துக்கொள்கிறேன். தானாகவே நோய் வரும் டன்கின்-ஹார்ட்லி இனக் கினிப்பன்றி இருக்கிறது. சுமார் 3 மாதத்தில் முழங்காலின் உள்பக்கம் ஆரம்பித்து, வயதோடு கூடும். ஆனால் ஒரு வருடத்துக்கு மேல் தீனி போட வேண்டும், வைட்டமின் சி குறையாமல் பார்க்க வேண்டும். ஆய்வேட்டுக்கு அவ்வளவு காலம் யார் தருகிறார்கள்? அதனால் எம்ஐஏவே போடுங்கள், தப்பில்லை. தலைப்பில் "வலி குறைந்தது" என்று எழுதுங்கள். அவ்வளவுதானே கேட்டேன்?

"சித்த மருத்துவத்துக்கு எதிரி" என்றவருக்கு: இந்தப் பதிவில் எந்த மூலிகையையும் நான் குறை சொல்லவில்லை, திரும்பப் படியுங்கள்.

எனக்கு எரிச்சல் மூலிகை மேலோ மாணவர் மேலோ இல்லை. வலியைத்தான் அளக்கிறோம் என்பதால் அந்த எலிகளுக்கு வலிநிவாரணி தருவதில்லை. குழுவுக்கு ஆறு என்றால் ஆறும் நான்கு வாரம் அந்தக் காலைச் சரியாக ஊன்ற முடியாமல் கிடக்கின்றன. விலங்குச் சோதனைக்கான நெறிமுறைக் குழுவிடம் அனுமதி விண்ணப்பமான படிவம் பி கொடுக்கும்போது இந்த மாடல் ஏன் தேவை என்று எழுதித்தானே அனுமதி வாங்கினார்கள்? என்ன எழுதினார்களோ அதை அப்படியே பத்திரிகைக்காரரிடமும் சொல்லியிருக்கலாம். எலியின் வலியைத் தேய்மானக் குணம் என்று விற்றுவிட்டு, மில்லிகிராம் கேட்டவனைக் கைக்கூலி என்கிறீர்கள். கேட்ட மூன்று கேள்வியும் அங்கேயே இருக்கின்றன. பதில் தெரிந்தவர்கள் போய் எழுதுங்கள்.