மெல்லிய காற்றுக்கு இரண்டு பேர் வேண்டும்

இலங்கையில் அப்புத்தளை மலை விளிம்பிலிருந்து கீழே இருக்கும் வெல்லவாயவுக்கு நேர்கோட்டில் சுமார் 17 கிலோமீட்டர். உயர வித்தியாசம் 1,200 மீட்டர் அளவில். எங்கள் ஹேங் கிளைடர் அசையாத காற்றில் ஒரு மீட்டர் இறங்குவதற்குள் பத்து மீட்டர் முன்னால் போகும். கணக்குப் போட்டால் 12 கிலோமீட்டரோடு தரை வந்துவிடும். மிச்சம் 5 கிலோமீட்டரைக் காற்றிடம்தான் கேட்டு வாங்க வேண்டும். போன மார்ச்சில் நானும் நண்பனும் கிளம்பிய காலையில் காற்றின் கையிலும் பெரிதாக ஒன்றும் இல்லை.

அப்படியும் போய்ச் சேர்ந்தோம். இரண்டு பேராகப் போனதால்தான் சேர்ந்தோம் என்று உறுதியாக நம்புகிறேன். அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: இதில் இயந்திரம் கிடையாது. அலுமினியக் குழாய்ச் சட்டத்தில் இழுத்துக் கட்டிய முக்கோணச் சிறகு. அதன் அடியில் குப்புறப் படுத்த மாதிரி தொங்கிக்கொண்டு, உடம்பை நகர்த்தித் திருப்ப வேண்டும். உயரம் வேண்டுமென்றால், வெயிலில் சூடாகி மேலே எழும் காற்றைத் தேடிப் பிடித்து அதற்குள்ளேயே வட்டம் போட வேண்டும். பருந்து செய்வதும் இதுதான். சிறகு தன்பாட்டில் நொடிக்கு ஒரு மீட்டர் அளவில் இறங்கிக்கொண்டே இருக்கும். எழும் காற்று அதை மிஞ்சினால்தான் லாபம். அன்று நல்ல இடத்தில் நொடிக்கு அரை மீட்டர் ஏற்றம் கிடைத்தது. மற்ற இடங்களில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை.

மார்ச் மாதம் இரண்டு பருவக்காற்றுக்கும் நடுவே வருவது. காலையில் வெயில் அடிக்கும். பகல் திரும்பினால் கீழ்நாட்டுப் பக்கமிருந்து முகில் ஏறி மலையை மூடிவிடும். கையில் இருப்பது சில மணி நேரம்தான். 10 மணி தாண்டி ஓடி எழும்பினோம்.

எங்கே காற்று எழும்? நண்பன் வெளிநாட்டில் பறக்கப் பழகியவன். உழுத வயலுக்கு மேலே தேடு என்று அவனுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். தேயிலை மலையில் உழுத வயலுக்கு எங்கே போவது? நான் லயத்தில், தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டில் பிறந்தவன். கவ்வாத்து வெட்டிய மலையில் பகலில் நின்றால் கால் சுடும் என்று அம்மா சொல்லிக் கேட்டு வளர்ந்தவன். கொழுந்து மலை பச்சையாக, இலை வழியே ஈரத்தை விட்டுக்கொண்டு குளிர்ந்தே கிடக்கும். கவ்வாத்து மலையில் வெறும் தண்டும் கறுத்த மண்ணும்தான். "மச்சான், அந்தக் கவ்வாத்து மலைக்கு மேலே போவோம்" என்று ரேடியோவில் சொன்னேன். போனோம். ஏற்றத்தைச் சத்தமிட்டுச் சொல்லும் கருவியான வேரியோ மெதுவாகக் கூவத் தொடங்கியது.

அங்கே சுற்றும்போது ஒரு வாசம் வந்தது. தம்பேதென்னையில் லிப்டன் 1890இல் கட்டிய தொழிற்சாலை இன்னும் ஓடுகிறது. அங்கிருந்து தேயிலை காயும் வாசம், சூடான காற்றோடு அத்தனை உயரத்துக்கு ஏறி வந்திருந்தது. வட்டத்தின் ஒரு பாதியில் அடித்தது, மறு பாதியில் இல்லை. வாசம் அடித்த பக்கமாக வட்டத்தை நகர்த்தினேன். ஏற்றம் கொஞ்சம் கூடியது. அம்மாவின் சேலையில் மணந்த அதே வாசம். தொண்டை அடைத்துப் போனது.

சரி, இரண்டு பேர் விஷயத்துக்கு வருகிறேன். எழும் காற்று கண்ணுக்குத் தெரியாது. நான் இருக்கும் இடத்தைப் பற்றி மட்டும்தான் என் கருவி சொல்லும். நூறு மீட்டர் தள்ளி நண்பன் பறந்தால் அவன் சிறகே எனக்கு இரண்டாவது கருவி. வட்டம் போடும்போது ஒரே திசையில், எதிரெதிர்ப் பக்கத்தில் நிற்போம். அவன் உயர்ந்தால் என் வட்டத்தை அவன் பக்கம் தள்ளுவேன். அடுத்த இடத்துக்கு நகரும்போது ஒருவர் பின்னால் ஒருவர் போகக்கூடாது, பக்கத்துப் பக்கத்தில் விரிந்து போக வேண்டும். அப்போதுதான் இரண்டு கோடுகளில் காற்றைத் துழாவலாம்.

சேர்ந்து பறந்தால் ஒருவனுக்காக இன்னொருவன் காத்திருந்து நேரம் வீணாகும் என்று சொல்பவர்கள் உண்டு. காற்று பலமான நாளில் அது உண்மையாகவும் இருக்கலாம். மெல்லிய காற்றில் நான் ஒத்துக்கொள்ளவே மாட்டேன். அதற்கு முந்தைய வருடம் இதே விளிம்பில் ஆளுக்கொரு பக்கம் போனோம். எனக்குத்தான் அவசரம். அரை மணி நேரத்தில் இரண்டு பேரும் தரையில் இருந்தோம், நான் தேயிலைச் செடிகளுக்குள். மணிக்கட்டு ஒன்றரை மாதம் கட்டுப் போட்டபடி இருந்தது.

2012 ஜூலை 3ஆம் திகதி டெக்சாஸில் டஸ்டின் மார்ட்டின் 764 கிலோமீட்டர் பறந்து ஹேங் கிளைடரில் உலக சாதனை வைத்தார். அன்று கூடவே பறந்த ஜானி டுராண்ட் இறங்கியது அதற்குச் சில கிலோமீட்டர் முன்னால்தான். அங்கே காற்று பலமானது, எங்கள் 17 கிலோமீட்டரை அதன் பக்கத்தில் வைக்க நான் வரவில்லை. ஆனால் அவ்வளவு தூரமும் இரண்டு பேர் ஒரே வானத்தில் போனார்கள் என்பது எனக்கு முக்கியம்.

லிப்டன் சீட் என்ற மலை முகட்டுக்குக் கீழே நண்பன் என்னைவிட 200 மீட்டர் மேலே இருந்தான். அங்கிருந்தே வெல்லவாயவுக்குச் சறுக்கிப் போயிருக்கலாம். போகவில்லை. ஒரே இடத்தில் சுற்றிக்கொண்டு, "இங்கே இருக்கு, பதறாம வா" என்றான். இருபது நிமிடம் காத்திருந்தான். மரம் உரசும் உயரத்திலிருந்து அவன் அடியில் போய்ச் சேர்ந்தேன்.

அடுத்த நல்ல ஏற்றம் மீரியபெத்தைக்கு மேலே கிடைத்தது. 2014 ஒக்டோபர் 29 காலையில் மலை சரிந்து லயங்களை மூடிய இடம். சரிவில் இப்போது புல் மண்டியிருக்கிறது. விட்டுப் போகவும் முடியாது, உயரம் அங்கேதான் இருந்தது. பத்து நிமிடத்துக்கு மேல் அந்த மண்ணைப் பார்த்தபடி சுற்றினோம். ரேடியோவில் இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

அப்புறம் கொஸ்லந்தை, தியலும நீர்வீழ்ச்சி எல்லாம் காலுக்குக் கீழே ஓடின. வெல்லவாய தாண்டி, பெரும்போக அறுவடை முடிந்த வயலில் ஐந்து நிமிட இடைவெளியில் இறங்கினோம். அறுத்த நெல்லின் தாள் காலில் குத்தியது. வயல்காரர் ஒருவர் தண்ணீர்ப் போத்தலோடு ஓடி வந்து, முதலில் எங்களைத் தொட்டுப் பார்த்தார்.

பண்டாரவளைக்குப் போகும் லொறி ஒன்றில் சிறகுகளைக் கட்டி ஏற்றினோம். கொஸ்லந்தை வளைவில் இரண்டு பேரும் தலையை வெளியே நீட்டி, நாங்கள் சுற்றிய இடத்தைத் தேடினோம். முகில் மூடியிருந்தது.