சி919-தான் சீனாவின் முதல் பயணிகள் ஜெட்டா?

2017-ல் பறந்த சி919-தான் சீனா சொந்தமாக உருவாக்கிய முதல் பயணிகள் ஜெட் என்று இங்கே பலரும் பகிர்கிறார்கள். அது சரியில்லைங்க. ஷாங்காயில் உருவான ஒய்-10 என்ற பயணிகள் ஜெட், 1980 செப்டம்பர் 26 அன்றே பறந்துவிட்டது. பார்க்க போயிங் 707 மாதிரியே இருக்கும், இறக்கைகளுக்குக் கீழே நான்கு எஞ்சின், அவை மட்டும் அமெரிக்காவின் பிராட் அண்ட் விட்னி தயாரிப்பு. திபெத்தின் லாசா வரைக்கும் போய் இறங்கிய விமானம் அது. 1980-களிலேயே திட்டத்தைக் கைவிட்டார்கள், எந்த விமான சேவைக்கும் போகவில்லை, அதனால்தான் பலருக்குத் தெரியாது. சி919-ஐத் தயாரிக்கும் கோமாக் தொடங்கியதே 2008-ல்தான். சந்தேகம் இருந்தால் விக்கிப்பீடியாவில் இரண்டு விமானங்களின் பக்கங்களையும் திறந்து, முதலில் பறந்த தேதியை மட்டும் பாருங்கள். ஷாங்காயில் நிறுத்தி வைத்திருக்கும் ஒய்-10-இன் படங்களும் தேடினால் கிடைக்கும்.