முதலில் வழியைப் பாருங்கள், பிறகு கோப்பில் கை வையுங்கள்

நேற்றைய விவாதத்தைப் பார்த்திருப்பீர்கள். லினக்ஸ் கணினியில் தன் வீட்டுச் சேமிப்புப் பெட்டியின் பெயரான நாஸ்.லோக்கல் திறக்கவில்லை என்று ஒருவர் கேட்டார். ‘ரிசால்வ்.கான்ஃப் கோப்பை அழி, 8.8.8.8 எழுது, சாட்டர் போட்டுப் பூட்டு’ என்று பதில் வந்தது. ரிசால்வ்.கான்ஃப் என்பது பெயருக்கு முகவரி தேடித் தரும் டிஎன்எஸ் சர்வர் எது என்று குறித்துவைக்கும் கோப்பு; 8.8.8.8 கூகுளின் பொது டிஎன்எஸ் சர்வர்; சாட்டர், கோப்பை மாற்ற முடியாதபடி பூட்டும் கட்டளை. அதற்கு அத்தனை விருப்பக்குறிகள். எனக்கு உண்மையிலேயே வலித்தது.

உங்கள் வீட்டு வலைக்குள் இருக்கும் பெட்டியின் முகவரி 8.8.8.8-க்கு எப்படித் தெரியும்? .லோக்கல் என்ற பின்னொட்டு 2013-இலேயே எம்டிஎன்எஸ்ஸுக்கென்று, அதாவது வலைக்குள் கருவிகள் தங்கள் பெயருக்குத் தாங்களே பதில் சொல்லும் முறைக்கென்று, ஒதுக்கப்பட்டுவிட்டது. அங்கே சர்வர் என்று தனியாக ஒன்று கிடையாது. ‘இந்தப் பெயர் யாருடையது?’ என்று வலையில் உள்ள கருவிகளுக்குப் பொதுவான 224.0.0.251 முகவரிக்கு, யுடிபி 5353 போர்ட்டில் கேள்வி போகும். பெயருக்கு உரிய கருவியே பதில் சொல்லும். ரிசால்வ்.கான்ஃபில் எந்த சர்வரை எழுதினாலும் அந்தக் கருவி பேசாது.

அதனால்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்: பெயர் எந்த வழியாகப் போகிறது என்று முதலில் பாருங்கள். ‘டிக் போட்டுப் பார்த்தேன், இல்லை என்றது’ என்பது இங்கே சாட்சி ஆகாது. டிக், என்எஸ்லுக்கப் என்ற கட்டளைகள் நேராக டிஎன்எஸ் சர்வரிடம் போகிறவை. பிங்கும் பிரவுசரும் பொதுவாக என்எஸ்எஸ்விட்ச்.கான்ஃப் கோப்பில் உள்ள ஹோஸ்ட்ஸ் வரியைப் பின்பற்றுகின்றன; பெயரை எங்கெங்கே, எந்த வரிசையில் தேடுவது என்று சொல்வது அந்த வரிதான். அந்த வழியைச் சோதிக்க ‘கெட்என்ட் ஹோஸ்ட்ஸ் நாஸ்.லோக்கல்’ என்று கேளுங்கள். பக்கத்திலேயே ‘ஆவாஹி-ரிசால்வ் -4 -என் நாஸ்.லோக்கல்’ என்றும் கேளுங்கள். ஆவாஹி என்பது லினக்ஸில் எம்டிஎன்எஸ்ஸைக் கையாளும் நிரல்; இந்தக் கட்டளை ஹோஸ்ட்ஸ் வரியைப் பார்க்காமல் நேராக அதனிடம் கேட்கும்.

ஆவாஹி முகவரி தருகிறது, கெட்என்ட் தரவில்லை என்றால் கோளாறு ஹோஸ்ட்ஸ் வரியில். எம்டிஎன்எஸ்ஸைக் கேட்கச் சொல்லும் ‘எம்டிஎன்எஸ்4_மினிமல்’ என்ற சொல் இருக்கிறதா, அது ‘டிஎன்எஸ்’ஸுக்கும் ‘ரிசால்வ்’வுக்கும் (சிஸ்டம்டி-ரிசால்வ்டு என்ற பெயர்தேடும் சேவையைக் கேட்கச் சொல்வது) முன்னால் நிற்கிறதா என்று பாருங்கள். ரிசால்வ் முன்னால் நின்று, அதையொட்டி அடைப்புக்குறிக்குள் ‘ரிட்டர்ன்’ என்ற நிபந்தனையும் இருந்தால், அது ‘இல்லை’ என்றவுடன் தேடல் அங்கேயே முடிந்துவிடும். எம்டிஎன்எஸ்ஸின் முறையே வராது. எம்டிஎன்எஸ்4_மினிமல் என்ற சொல்லே வரியில் இல்லையென்றால் டெபியன், உபுண்டுவில் லிப்என்எஸ்எஸ்-எம்டிஎன்எஸ் பொதியை நிறுவுங்கள்.

இரண்டும் தோற்றால் ஆவாஹி டீமன் (பின்னணியில் ஓடும் நிரல்) ஓடுகிறதா, ஃபயர்வால் யுடிபி 5353-ஐ அடைத்திருக்கிறதா, கருவி விருந்தினர் வைஃபையில் மாட்டியிருக்கிறதா என்று பாருங்கள். இரண்டும் முகவரி தந்தால் பெயரில் குற்றமில்லை; அந்தப் பெட்டியில் ஓடும் சேவையைப் பாருங்கள்.

‘நான் 8.8.8.8 போட்டதும் எனக்குச் சரியானது’ என்பார்கள். சரியாகியிருக்கும், மறுக்கவில்லை. அன்று உங்கள் ரவுட்டரின் டிஎன்எஸ் படுத்திருக்கலாம், வெளி இணையம் அதனால் நின்றிருக்கலாம். அது வேறு நோய். அந்த மருந்துக்கு விலையும் உண்டு: ரவுட்டர் மட்டுமே அறிந்த உள்வலைப் பெயர்கள் போய்விடும், விபிஎன் வழியாக வரும் அலுவலகப் பெயர்கள் போய்விடும். வேறொரு வைஃபைக்குப் போனால் உள்நுழைவுப் பக்கமே வராமல் தவிக்க நேரலாம். கோப்பு பூட்டிக் கிடப்பதால் நெட்வொர்க்மேனேஜராலும் அதைத் திருத்த முடியாது. ஆறு மாதம் கழித்து அந்தப் பூட்டு யாருக்கு நினைவிருக்கும்?

‘புதியவருக்கு இவ்வளவு விளக்கம் எதற்கு?’ என்றும் ஒருவர் கேட்டார். இரண்டே இரண்டு கட்டளை. அதைக்கூடச் சொல்லித்தராமல் அவருடைய கணினியைப் பூட்டிவைப்பதா உதவி?

உள்வலைக்கு .லோக்கல் என்று தாங்களாகவே டிஎன்எஸ் மண்டலம் (டிஎன்எஸ் சர்வரில் ஒரு பெயர்த் தொகுப்பு) அமைத்துவிட்டு, ‘லினக்ஸில் மட்டும்தான் வேலை செய்யவில்லை’ என்று பழி சொல்கிறவர்கள் மீதும் எனக்குக் கோபம் உண்டு. வீட்டு வலைக்கென்றே ஹோம்.ஆர்ப்பா 2018-இல் ஒதுக்கப்பட்டது. 2024-இல், இணையப் பெயர்களை நிர்வகிக்கும் ஐகான் அமைப்பு .இன்டர்னலையும் ஒதுக்கியது. பெயரை மாற்றுங்கள். ஒதுக்கப்பட்ட பெயரைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு கணினியிலும் ஹோஸ்ட்ஸ் வரியை வெட்டி ஒட்டுவது எத்தனை நாளைக்கு?

கேட்ட நண்பருக்கு: உங்களுடையது சிஸ்டம்டி-ரிசால்வ்டு ஓடும் கணினி. அந்தப் பதிலில் சொன்னபடி செய்திருந்தால், ‘சாட்டர் -ஐ’ கொடுத்துப் பூட்டை எடுங்கள். நீங்கள் எழுதிய ரிசால்வ்.கான்ஃபை நீக்கிவிட்டு, ரன் கோப்புறையில் சிஸ்டம்டி, அதற்குள் ரிசால்வ், அதற்குள் இருக்கும் ஸ்டப்-ரிசால்வ்.கான்ஃபுக்குச் சிம்லிங்க் (அந்தக் கோப்பைச் சுட்டும் இணைப்பு) போடுங்கள். சிஸ்டம்டி-ரிசால்வ்டை மறுதொடக்கம் செய்யுங்கள். கோப்பில் 127.0.0.53 தெரிந்தால் பயப்படாதீர்கள்; அது உங்கள் கணினியிலேயே ஓடும் சிஸ்டம்டி-ரிசால்வ்டின் முகவரி, அதுதான் சரி. பிறகு கெட்என்ட், ஆவாஹி இரண்டின் விடையையும் ஹோஸ்ட்ஸ் வரியையும் அப்படியே இங்கே போடுங்கள். நான் பார்க்கிறேன்.