விடுமுறையில் முதுமையைப் படிக்க வரும் மாணவருக்கு என்ன வேலை தருகிறோம்?

கோடை விடுமுறை நெருங்கும்போது, முதியோர் உடல்நல ஆய்வில் சில வாரங்கள் பணியாற்ற விரும்பும் இளநிலை மாணவர்கள் என்னிடம் வருவது வழக்கம். பெரும்பாலும் அவர்களின் முதல் கேள்வி ஒன்றுதான்: எட்டு வாரங்களில் ஒரு கட்டுரை வெளியிட்டுவிட முடியுமா? முடியாது என்றே சொல்கிறேன். ஆனால் இந்தக் கேள்விக்காக மாணவர்களைக் குறை சொல்ல மாட்டேன். விடுமுறை முடிவில் சுவரில் ஒட்டும் அளவுக்கு ஒரு கண்டுபிடிப்பு வேண்டும் என்ற எதிர்பார்ப்பை அவர்களிடம் விதைத்தவர்கள் நெறியாளர்களாகிய நாம்தான்.

முதுமை மெதுவாக நிகழ்வது. அதை ஆராய்வதும் அப்படித்தான். அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் 1958-இல் தொடங்கிய மூப்பு ஆய்வு, அதே மனிதர்களை மீண்டும் மீண்டும் அழைத்து அளந்து பல பத்தாண்டுகள் தொடர்ந்து வந்திருக்கிறது. முறையான உடற்பயிற்சி முதியோரின் நடமாட்டத்தைக் காக்குமா என்று அறிய அமெரிக்காவில் நடந்து, 2014-இல் முடிவு வெளியான ஆய்வில், 70 முதல் 89 வயது வரையிலான 1,635 பேரைச் சராசரியாக இரண்டரை ஆண்டுகளுக்கும் மேலாகப் பின்தொடர வேண்டியிருந்தது. 400 மீட்டர் நடக்க முடிகிறதா, இல்லையா என்பதே அங்கே முக்கிய அளவுகோல். பயிற்சி பெற்றவர்களில் அந்தத் திறனை இழந்தவர்கள் குறைவு. இவ்வளவு நீண்ட காலத்தை எட்டு வாரங்களுக்குள் அடைக்க முடியாது என்பதால், நாம் சுலபமான வழியைப் பிடித்துக்கொள்கிறோம்: எப்போதோ சேகரித்து வைத்த தரவுக் கோப்பை மாணவரிடம் கொடுத்து, அதில் எதற்கும் எதற்கும் தொடர்பு இருக்கிறது என்று பார்க்கச் சொல்கிறோம்.

நானும் அதைச் செய்திருக்கிறேன். ஒரு மாணவி அப்படிப்பட்ட கோப்பை வைத்து மிக நேர்த்தியான அறிக்கை எழுதினார். நொடிக்கு 0.8 மீட்டருக்கும் குறைந்த நடை வேகத்தைப் பற்றி அதில் ஒரு பகுதி முழுதும் இருந்தது. அந்த வேகத்தில் நடப்பவர் பத்து மீட்டர் அகலமுள்ள சாலையைக் கடக்க எவ்வளவு நேரமாகும் என்று கேட்டேன். கணக்குப் போட்டு, பன்னிரண்டரை நொடி என்றார். அப்படி நடக்கும் ஒருவரைப் பார்த்திருக்கிறாயா என்று கேட்டபோது அவரிடம் பதில் இல்லை. எட்டு வாரங்களில் ஒரு முதியவரைக்கூட அவர் சந்திக்கவில்லை. சந்திக்கும்படி நான் ஏற்பாடு செய்யவில்லை என்பதே உண்மை.

ஆய்வக உயிரியலில் சேரும் மாணவருக்கு இந்தச் சிக்கல் அவ்வளவாக இல்லை. மூப்பை ஆராய உதவும் சிறிய உருளைப்புழு இரண்டு, மூன்று வாரங்களே வாழ்கிறது. ஒரே ஒரு மரபணுவில் ஏற்படும் மாற்றம் அதன் ஆயுளை இரட்டிப்பாக்கும் என்று அமெரிக்க உயிரியலாளர் சிந்தியா கென்யனின் குழு 1993-இல் காட்டியதும் அதில்தான். ஒரு விடுமுறைக்குள் பிறப்பிலிருந்து இறப்பு வரை முழு வாழ்நாளையும் இரண்டு முறை கண்ணால் பார்த்து எண்ணிவிடலாம் என்பதால், அந்த மாணவர்கள்மேல் எனக்குச் சற்றுப் பொறாமைகூட உண்டு.

மனிதர்களோடு வேலை செய்ய வருபவருக்கு நான் பரிந்துரைப்பது ஓர் அளவீட்டை ஒழுங்காகக் கற்றுக்கொள்வதைத்தான். கைப்பிடி வலிமையை எடுத்துக்கொள்ளுங்கள். 2019-இல் திருத்தி வெளியிடப்பட்ட ஐரோப்பிய வரையறைப்படி ஆண்களுக்கு 27 கிலோ, பெண்களுக்கு 16 கிலோ என்ற வரம்புக்குக் கீழே போனால் தசை நலிவு இருக்கலாம் என்று ஐயப்பட வேண்டும். எண் எளிது, அதைப் பெறுவது எளிதன்று. முழங்கை எப்படி மடங்கியிருந்தது, எத்தனை முறை அழுத்தச் சொன்னோம், இன்னும் கொஞ்சம் என்று ஊக்கப்படுத்தினோமா என்பதற்கேற்ப அளவு மாறும். நாற்காலியிலிருந்து எழுந்து மூன்று மீட்டர் நடந்து திரும்பி வந்து அமரும் சோதனையிலும் இதே கதைதான். ஒரே முதியவரை இரண்டு மாணவர்கள் தனித்தனியே அளந்தால் விடைகள் எவ்வளவு ஒத்துப்போகின்றன? இந்தக் கேள்வி எட்டு வாரங்களுக்குள் அடங்கும். இதற்கான விடை இல்லாமல் பெரிய ஆய்வுகளையும் நம்ப முடியாது.

இன்னொரு வேலையும் இருக்கிறது. நலமாக இருந்த முதியவர்களைப் பத்து நாட்கள் படுக்கையிலேயே இருக்கச் செய்தபோது கால்களில் மட்டும் ஏறத்தாழ ஒரு கிலோ அளவுக்குக் கொழுப்பற்ற திசு குறைந்துவிட்டது என்பது 2007-இல் வெளியான ஒரு சிறிய ஆய்வின் முடிவு. அப்படியானால், மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட முதியவர் ஒரு நாளில் எத்தனை நிமிடங்கள் படுக்கையை விட்டு எழுகிறார், எழாதபோது தடுப்பது எது, வலியா, கையில் ஏறும் குழாயா, விழுந்துவிடுவார் என்ற மற்றவர்களின் பயமா என்று ஒரு மாணவர் உட்கார்ந்து குறித்துக்கொண்டாலே அந்த வார்டுக்கு உடனடியாகப் பயன்படும். 1935-இல் ஆங்கிலேய மருத்துவர் மார்ஜரி வாரன் லண்டனில் ஓர் ஆதரவற்றோர் விடுதி மருத்துவமனையின் 714 படுக்கைகளுக்குப் பொறுப்பேற்றபோது முதலில் செய்ததும் ஏறக்குறைய இதுதான். இனி எழமாட்டார்கள் என்று கைவிடப்பட்டிருந்தவர்களை ஒவ்வொருவராகப் பரிசோதித்து வகைப்படுத்தினார். பலரை மீண்டும் நடக்கவைத்து வீட்டுக்கு அனுப்பினார்.

இதற்கெல்லாம் முன்தயாரிப்பு வேண்டும், அது நெறியாளரின் கடமை. மாணவர் வந்த பிறகு, மனிதர்களிடம் நடத்தும் ஆய்வுக்கு அனுமதி தரும் நெறிமுறைக் குழுவுக்கு விண்ணப்பித்தால் பாதி விடுமுறை காத்திருப்பிலேயே போய்விடும். காது சரியாகக் கேட்காதவரிடம் ஒப்புதல் பெறுவது எப்படி, மறதி நோய் உள்ளவருக்கு முடிவெடுக்கும் திறன் இருக்கிறதா என்று யார் பார்ப்பது, களைப்படைந்தவரிடம் கேள்வியை எப்போது நிறுத்துவது என்பவற்றையெல்லாம் முதல் சந்திப்புக்கு முன்பே சொல்லித்தர வேண்டும். உதவித்தொகையும் கட்டாயம் தர வேண்டும். விடுமுறையில் சம்பாதித்தால்தான் அடுத்த ஆண்டுக் கட்டணத்தைக் கட்ட முடியும் என்ற நிலையில் இருப்பவர், ஊதியமில்லாத பயிற்சிக்கு விண்ணப்பிக்கவே மாட்டார்.

இந்த ஆண்டு என்னிடம் இரண்டு மாணவர்கள் சேர்கிறார்கள்; ஒருவர் புள்ளியியல், மற்றவர் இயன்முறை மருத்துவம். அனுமதிகளை இப்போதே வாங்கி வைத்துவிட்டேன். முதல் வாரம் முழுவதும் இருவருக்கும் கணினி கிடையாது. ஒரு நிறுத்துக்கடிகாரமும் குறிப்பேடும் மட்டும்தான். தரவுக் கோப்பை எப்போது திறக்கலாம் என்று புள்ளியியல் மாணவர் இதற்குள் இரண்டு முறை கேட்டுவிட்டார்.