லிகூரியாவில் சாப்பிட ஒரே ஒரு நாள் என்றால் ரெக்கோவில் இறங்குங்கள்

இத்தாலியின் லிகூரியா கடற்கரைக்கு ஒரு நாள் பயணம் போகிற நம்மவர்கள் பெரும்பாலும் சிங்க்வே தெர்ரே என்ற கடலோரக் கிராமங்களுக்குத்தான் டிக்கெட் எடுக்கிறார்கள். படம் எடுக்க அது அருமையான இடம். சாப்பாடுதான் நோக்கம் என்றால் அவ்வளவு தூரம் போகவே வேண்டாம். ஜெனோவாவுக்குக் கிழக்கே அடுத்தடுத்த ஸ்டேஷன்களாக ரெக்கோவும் காமோலியும் இருக்கின்றன. ஜெனோவாவின் ப்ரினியோலே ஸ்டேஷனில் உள்ளூர் ரயில் ஏறினால் அரை மணியிலிருந்து முக்கால் மணிக்குள் வந்துவிடும். காகித டிக்கெட் வாங்கினால் பிளாட்பாரத்தில் இருக்கும் மெஷினில் முத்திரை குத்திவிட்டு ஏறுங்கள். மறந்தால் அபராதம்.

இங்கே எந்தக் கடை என்று அலசுவதைவிட எத்தனை மணிக்குப் போகிறோம் என்று பார்ப்பது பலன் தரும். இந்த ஊர்ச் சாப்பாட்டில் பாதி, அடுப்பிலிருந்து வந்த சில நிமிடங்களுக்குத்தான் நன்றாக இருக்கும்.

காலையில் முதலில் காமோலி. பேக்கரியில் சாதா ஃபொக்காச்சா கேளுங்கள், தட்டையான ரொட்டி அது. ஈஸ்ட் போட்டுப் பொங்கவைத்த மாவு. உயரம் சுமார் 2 செ.மீ. விரலால் குழி குழியாக அழுத்தி, உப்புத் தண்ணீரும் ஆலிவ் எண்ணெயும் ஊற்றிச் சுடுவார்கள். அந்தக் குழிகள் வெளுப்பாக, ஈரமாக இருக்கும். வேகவில்லை என்று நினைத்து ஒதுக்கிவிடாதீர்கள், ருசியே அங்கேதான். எடைக்குத்தான் விற்பார்கள். 'எத்தோ' என்றால் 100 கிராம். இரண்டு பேருக்கு இரண்டு எத்தோ தாராளம். உப்புப் பக்கம் நாக்கில் படும்படி தலைகீழாகத் திருப்பிக் கடிப்பது ஜெனோவாக்காரர்கள் வழக்கம். செய்து பாருங்கள், வித்தியாசம் தெரியும். பிளாஸ்டிக்கில் சுற்றி வைத்ததை மட்டும் வாங்காதீர்கள், அது ரப்பராக இழுக்கும்.

மதியத்துக்கு ரெக்கோ. ரயிலில் ஒரே ஸ்டேஷன், சில நிமிடம்தான். இரண்டாம் உலகப் போரில் ரயில் பாலத்தைக் குறிவைத்துப் போட்ட குண்டுகளில் நொறுங்கி, பிறகு எழும்பிய ஊர் என்பதால் பார்வைக்குச் சாதாரணமாக இருக்கும். அதைப் பார்த்துத் திரும்பிவிடாதீர்கள். சீஸ் ஃபொக்காச்சாவுக்காகத்தான் இங்கே வருகிறோம்.

காலையில் தின்றதற்கும் இதற்கும் பெயர் மட்டும்தான் ஒன்று. இதில் ஈஸ்ட் கிடையாது. மைதா, தண்ணீர், ஆலிவ் எண்ணெய், உப்பு, அவ்வளவுதான். பிசைந்து அரை மணிக்குக் குறையாமல் ஊறவைத்து, புறங்கைகளில் போட்டுச் சுழற்றி, வீச்சு பரோட்டா மாஸ்டர் வீசுவதைவிட மெல்லிசாக இழுப்பார்கள். கை மறுபக்கம் தெரிய வேண்டும். ஈயம் பூசிய அகலமான செம்புத் தட்டில் ஒரு தாள்; அதன்மேல் கிரெஷென்ட்சா வகை மெத்தென்ற, முதிராத சீஸைக் கிள்ளிக் கிள்ளி வைப்பது; மேலே இன்னொரு தாள். விளிம்பை அழுத்தி ஒட்டி, மிஞ்சியதை வெட்டிவிட்டு, மேல்தாளில் அங்கங்கே கிள்ளி ஓட்டை போடுவார்கள். ஆவி போக வழி இல்லையென்றால் மேல்தாள் பலூனாக எழும்பிக் கருகிவிடும். 250 முதல் 320 டிகிரியில் 4 முதல் 8 நிமிடம். மேலே மொறுமொறுப்பு, அங்கங்கே பழுப்புப் புள்ளி, உள்ளே லேசாகப் புளித்த பால் வாசனையோடு சீஸ் வழியும். பத்து நிமிடம் ஆறினால் சீஸ் இறுகி, தாள் தோலாகிவிடும். அதனால் பார்சல் வேண்டவே வேண்டாம், உட்கார்ந்து சாப்பிடுங்கள். 2015-இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் புவிசார் அங்கீகாரம் கிடைத்தது. ரெக்கோ, காமோலி, சோரி, அவென்யோ என்ற நான்கு ஊர்களுக்கு வெளியே செய்ததை அந்தப் பெயரில் விற்க முடியாது.

வீட்டில் முயல்கிறவர்களுக்கு: 250 கிராம் மைதாவுக்கு 125 மி.லி. தண்ணீர், 25 மி.லி. எண்ணெய், அரை கிலோ சீஸ். மாவைப்போல் இரண்டு பங்கு சீஸா என்று பயப்பட வேண்டாம், அளவு அதுதான். இழுக்கும்போது மாவு கிழிந்தால் இன்னும் இருபது நிமிடம் ஊறவிடுங்கள். பனீர் உருகாது, மொசரெல்லா தண்ணீர் விடும், இரண்டும் சரிப்படாது.

கூடவே ஒரு தட்டு ட்ரோஃபியே பாஸ்தாவைப் பங்கிட்டுக்கொள்ளலாம். இந்தக் கரையோரத்துக்கே சொந்தமான, முறுக்கிய சின்னச் சின்னத் துண்டுகள். உருளைக்கிழங்கும் பீன்ஸும் சேர்த்து வேகவைத்துப் பெஸ்தோ என்ற பச்சைச் சாஸில் பிரட்டுவார்கள். பெஸ்தோ அடுப்பைப் பார்க்கவே கூடாது. சூடேறினால் துளசி வகை இலையான பாசில் கறுத்து வாசம் போய்விடும். நல்ல இடத்தில் பச்சையாக, வெதுவெதுப்பாக வரும். காட்டுக்கீரை அடைத்து வால்நட் சாஸில் தரும் பான்சோத்தி பாஸ்தாவும் உண்டு. முழு சைவர்கள் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள்: பெஸ்தோவில் சேரும் பார்மிஜானோ சீஸைக் கன்றின் வயிற்று நொதி போட்டுத்தான் உறையவைக்கிறார்கள்.

சமையலறைகள் பெரும்பாலும் பன்னிரண்டரைக்குத் திறந்து இரண்டரைக்கு மூடும், பிறகு இரவு ஏழரைதான். மூன்று மணிக்குப் போய் நிற்காதீர்கள். பில்லில் 'கொபெர்த்தோ' என்று ஆளுக்கு 2, 3 யூரோ இருந்தால் அது ஏமாற்று அல்ல. மேசைக்கும் ரொட்டிக்குமான வழக்கமான கட்டணம்.

பிற்பகல் மறுபடி காமோலி. துறைமுகத்திலிருந்து சான் ஃப்ருத்துவோசோ மடத்துக்குப் படகு உண்டு, அரை மணி. கடல் பொங்கினால் படகு நிற்கும், காலையிலேயே படகுத்துறையில் விசாரித்துவிடுங்கள். வழியில் புந்தா கியாப்பா முனைக்கு அருகே 'தொன்னரெல்லா' வலை இருக்கிறது. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை கட்டிவைக்கும் நிலைவலை, பின்னியிருப்பது தென்னை நாரில். நம் ஆட்கள் அவசியம் பார்க்க வேண்டியது.

மாலை ஏழரைக்கு மேல் அச்சூகே, நம் நெத்திலியின் உறவு. மாவில் புரட்டிப் பொரித்தது ஒரு தட்டு போதும். வசந்தத்திலும் கோடையிலும் கேளுங்கள். முதுகு நிமிர்ந்து, தொட்டால் மொறுமொறுவென்று உடைய வேண்டும். தொய்ந்து எண்ணெய் கசிந்தால் எண்ணெய் காயும் முன் போட்டுவிட்டார்கள் என்று அர்த்தம்.

மே மாதம் இரண்டாம் ஞாயிறு காமோலியில் மீன் திருவிழா. ராட்சத வாணலியில் மீன் பொரிப்பதைப் பார்க்க ஆசை இருந்தால் போகலாம், நிதானமாகச் சாப்பிட அந்த நாள் ஆகாது, ரயிலில் நிற்கக்கூட இடம் இருக்காது. நான்காம் ஞாயிறு ரெக்கோவில் ஃபொக்காச்சா விழா, அங்கும் அதே கதைதான்.

கிளம்பும்போது காமோலி பேக்கரிகளில் சாக்லேட் பூசிய 'காமொலியேசி' வாங்குங்கள். உள்ளே ரம் கலந்த கிரீம் இருக்கும், குழந்தைகளுக்குக் கொடுப்பதற்கு முன் ரம் இல்லாத வகை இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.